மஞ்சள் பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம்

பொழுது இன்னும் விடியவில்லை. விரல் நுனி மரத்துப்போகிற குளிர், கூடவே நசநசவென்று தூறல். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்கிற ஊரில், ஸ்கூல் பஸ்களை நிறுத்துகிற மைதானத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு மஞ்சள் பஸ்ஸின் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன்.

முன்சக்கரம் இரண்டும் முடிந்தது. பின்னால் போனால் ஒரு சிக்கல். அங்கே பக்கத்துக்கு ரெட்டைச் சக்கரம். ஜோடிக்கு ஒரு பழமா, ஆளுக்கு ஒரு பழமா? அப்பாவைக் கேட்கலாமென்றால் அவர் நாமக்கல்லில் இருக்கிறார். போன் கார்டும் தீர்ந்துபோயிருந்தது. சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எதற்கு என்று ஆளுக்கு ஒன்று வைத்தேன்.

அந்த ஊர் எலுமிச்சை நம்ம ஊர் நார்த்தங்காய் சைஸ். தோல் அவ்வளவு தடிமன், நசுங்குமா என்றே சந்தேகம். கடையில் சின்னதாக, பச்சையாக வேறு ஒன்றும் இருந்தது. பார்வைக்கு நம்ம பழம் மாதிரியேதான். ஆனால் நல்ல காரியத்துக்கு மஞ்சளாக இருக்க வேண்டாமா?

பழம் வைத்து முடித்ததும் குங்குமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். முன்பக்க பம்பரில் மூன்று பொட்டு. வீட்டில் சந்தனம் இல்லை, அதனால் குங்குமத்தையே கொஞ்சம் தாராளமாக வைத்தேன். அந்தத் தாராளம்தான் வினையாகப் போனது. கற்பூரம் ஏற்றவில்லை. டீசல் டேங்க் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கிற அளவுக்கு நான் கிறுக்கி இல்லை.

கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றைக்குத்தான் நான் தனியாக பஸ் எடுக்கப்போகிற முதல் நாள்.

ஒரு வாசகிக்குப் பதில்

பஸ் அங்கேயே நிற்கட்டும். சென்ற வாரம் இந்தத் தொடரில், சாப்பாட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் கொடுக்கிற ஃபுட் ஸ்டாம்ப்பை நான் வாங்கியதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அமெரிக்கா போயுமா கவர்ன்மென்ட் சோறு?" என்று கேட்டிருக்கிறார்.

ஆமாம் தாயே, கவர்ன்மென்ட் சோறுதான். அந்தச் சோறு இல்லையென்றால் நானும் இல்லை, என் மகள் நித்யாவும் இல்லை, இந்தத் தொடரும் இல்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கட்டி நியூ ஜெர்சிக்குக் கூட்டிப்போனவர் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். கிரீன் கார்டு கைக்கு வந்த கொஞ்ச நாளில் கலிஃபோர்னியாவில் ப்ராஜெக்ட் என்று கிளம்பினார். முதலில் தினமும் போன் வந்தது, பிறகு வாரம் ஒரு முறை, பிறகு அந்த நம்பரே வேலை செய்யவில்லை. அவ்வளவுதான் அவர் கதை. அதற்கு மேல் அவருக்கு இந்தத் தொடரில் இடம் இல்லை.

கையில் குழந்தை, வாயில் அரைகுறை இங்கிலீஷ், வாசலில் ஓட்டை டொயோட்டா. பக்கத்து அபார்ட்மெண்டில் இருந்த மாரிசோல்தான் அரசாங்க உதவி கொடுக்கிற வெல்ஃபேர் ஆபீஸுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். டொமினிகன் நாட்டுக்காரி, அவளும் தனியாகக் குழந்தை வளர்க்கிறவள். அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே வகுப்பு. அதனால் எங்களுக்குள் எல்லாம் புரிந்தது.

ஃபுட் ஸ்டாம்ப் அப்போது காகிதக் கூப்பனாக வரும். கடையில் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் முதலில் கூப்பனைப் பார்ப்பார்கள், அப்புறம் என் தள்ளுவண்டியில் இருக்கும் சாமான்களைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். நம்ம ஆட்கள் கண்ணில் படக்கூடாதென்று அடுத்த ஊர்க் கடைக்குப் போவேன். கிழிக்கிற சத்தம் கேட்காமல் மெதுவாகக் கிழிப்பேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது. திருடியா கொண்டுபோனேன்?

கை தூக்கியவள்

அப்புறம் புதுச் சட்டம் வந்தது. உதவி வாங்குகிற அம்மாக்கள் எல்லாரும் வேலைக்குப் போயே ஆக வேண்டும். கொடுத்த வேலையை விட்டாலோ, தப்புச் செய்து துரத்தப்பட்டாலோ, உதவியும் நிற்கும். வெல்ஃபேர் ஆபீஸில் என் கேஸைப் பார்க்கிற அம்மா இதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை எழுந்து நின்று சொன்னார்.

எங்களை ஒரு வகுப்பில் உட்காரவைத்தார்கள். வேலைக்கு எப்படிப் போவது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. ஹெய்ட்டி, எகிப்து, கயானா, டொமினிகன் என்று உலகத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே அறையில். நடத்தியது ஒரு வெள்ளைக்காரப் பையன், தங்கமான குணம்.

"உங்களைப் பத்தி நீங்களே பெருமையா சொல்லணும். ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர். சொல்லுங்க!"

யாரும் வாயைத் திறக்கவில்லை. தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறவளை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எகிப்துக்காரி முகத்தைப் பார்த்தால் அவள் ஊரிலும் அதையேதான் சொல்வார்கள் போல. கடைசியில் மாரிசோல் என்னைக் காட்டி, "ஷீ இஸ் எ ஹார்ட் ஒர்க்கர்" என்றாள். நான் மாரிசோலைக் காட்டினேன். அப்புறம் அறை முழுக்க ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டி, ஒரே சிரிப்பு. அந்தப் பையன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பிறகு வேலைகளை வாசித்தார்கள். முதியோர் இல்லம், ஹோட்டல் அறை சுத்தம், கடை கவுண்டர். ஒவ்வொன்றுக்கும் கைகள் எழுந்தன. எனக்கு ஒரே கணக்குதான். இதில் எந்த வேலைக்குப் போனாலும் ஸ்கூல் விட்ட பிறகு நித்யாவை யார் பார்ப்பது? டேகேரில் விட்டால் சம்பளம் அப்படியே அங்கே போய்விடும்.

"ஸ்கூல் பஸ் டிரைவர். ட்ரெய்னிங் அவங்களே குடுப்பாங்க" என்றான் அந்தப் பையன்.

ஒரு கைகூட எழவில்லை. பஸ்ஸா? அவ்வளவு பெரிய வண்டியா? ஹெய்ட்டிக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

எனக்கு மட்டும் மண்டையில் மணி அடித்தது. ஸ்கூல் உண்டென்றால் வேலை உண்டு, ஸ்கூல் லீவென்றால் எனக்கும் லீவு. பிள்ளை வீட்டில் இருக்கும்போது நானும் வீட்டில். கை தானாக மேலே போனது. அந்த அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புடவை கட்டி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஐந்தடிகூட இல்லாத ஒருத்தி.

மைதிலி அக்கா சொன்ன வழி

செய்தி எப்படித்தான் பரவுமோ. அடுத்த ஞாயிறு கோயிலில் மைதிலி அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் மருந்து கம்பெனியில் விஞ்ஞானி, எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர்ப்பக்கம் பெரிய வீடு. நல்ல மனுஷிதான். நவராத்திரிக்கு எனக்குப் புடவை கொடுத்தவர். ஆனால் பேச்சு எப்போதும் மேலேயிருந்து கீழே வரும்.

"செல்வி, பஸ் டிரைவராமே? நிஜமாவா?"

"ஆமாங்க்கா. ட்ரெய்னிங் ஆரம்பிச்சுட்டனுங்க."

"ஐயோ, என்னம்மா இது? நம்ம கம்யூனிட்டின்னா டாக்டர், இன்ஜினியர்னு ஒரு பேர் இருக்கு. நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்வேன்?"

"பஸ் ஓட்டறான்னு சொல்லுங்க்கா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வழி சொல்றேன் கேளு. வாரத்துல மூணு நாள் எங்க வீட்டுக்கு வந்து சமைச்சுக் குடு. கேஷா குடுத்துடறேன். வெல்ஃபேர் ஆபீஸுக்குத் தெரிய வேண்டாம். யாருக்குமே தெரிய வேண்டாம்."

யாருக்குமே தெரிய வேண்டாம் என்றாரே, அது என்னைச் சுட்டது. கூப்பனை மெதுவாகக் கிழித்துக் கிழித்து நான் ஏற்கெனவே பாதி மறைந்துபோயிருந்தேன். மிச்சப் பாதியையும் அவர் சமையலறைக்குள் மறைக்கச் சொல்கிறார்.

"சமையலுக்கு நானு வரலீங்க்கா. பஸ்ஸுன்னா ஊருக்கே தெரியும். எனக்கு அதுதானுங்க வேணும்" என்றேன். சொல்லிவிட்டு வந்து காரை எடுத்தேன்.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. நித்யா அப்போது மூன்றாம் வகுப்பு. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயது வந்துவிட்டது. எனக்குக் கொடுத்திருக்கிற ரூட்டில்தான் அவள் ஸ்டாப்பும் வருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் காலைச் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, பஸ்ல என் பேர் சொல்லாதே, ஓகே? அண்ட் டோன்ட் வேவ் அட் மீ."

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஏர் பிரேக்கா?

என் அப்பா லாரி டிரைவர். வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். நாமக்கல்லில் லாரி என்றால் வெறும் வண்டி இல்லை, வீட்டுக்கு மூத்த பிள்ளை. புது வண்டி வந்தால் மாலை, சந்தனம், பூசணிக்காய் எல்லாம் நடக்கும். எதை மறந்தாலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதை மறக்க மாட்டார்கள். பழத்தை நசுக்கிக்கொண்டுதான் வண்டி முதல் அடி எடுத்து வைக்கும். வரப்போகிற கெட்டதெல்லாம் அந்தப் பழத்தோடு போய்விடும் என்று கணக்கு.

சின்ன வயதில் ஒரு தடவை அப்பாவின் லாரியில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். காதைப் பிடித்து இறக்கினார். "பொட்டப்புள்ள க்ளீனர் பக்கம் வேணும்னா உக்காரு. ஸ்டியரிங்கத் தொடாத" என்றார். தம்பியை மட்டும் மடியில் வைத்து ஹாரன் அடிக்க விடுவார். அந்த ஹாரன் சத்தம் எனக்கு ரொம்ப நாள் காதில் இருந்தது.

லைசன்ஸ் டெஸ்டில் பாஸான அன்று அவருக்கு போன் போட்டேன். நானு ஸ்கூல் பஸ் ஓட்டப் போறனுங்கப்பா என்றேன். போன் கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது, மனுஷன் பேசவே மாட்டேன் என்கிறார்.

"எத்தனை சக்கரம்?" என்றார் கடைசியில்.

"ஆறுங்கப்பா."

"ஏர் பிரேக்கா?"

"ஆமாங்கப்பா. உங்க லாரி மாதிரியேதானுங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. "பழம் வெச்சுட்டு எடு கண்ணு" என்றார். அதோடு கார்டு தீர்ந்துவிட்டது.

இப்போது புரிகிறதா, குளிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து நான் ஏன் அந்தக் கூத்தெல்லாம் பண்ணினேன் என்று? அது அப்பா எனக்குக் கொடுத்த உத்தரவு. ஸ்டியரிங்கைத் தொடாதே என்று சொன்ன அதே வாய் சொன்னது.

சிவப்பு

இனி மைதானத்துக்குத் திரும்புவோம். நான் கும்பிட்டு முடித்து நிமிரும்போது டார்ச் வெளிச்சம் வந்தது. ஃப்ராங்க். பஸ்களை நிறுத்துகிற அந்த யார்டின் மேனேஜர். ஆறடி உயரம், கையில் எப்போதும் காபி. அதிகம் பேச மாட்டார், வண்டி விஷயத்தில் மட்டும் ஒரு பிசகையும் விட மாட்டார்.

டார்ச் வெளிச்சம் பம்பரில் வந்து அப்படியே நின்றது. நானும் அப்போதுதான் பார்த்தேன். தூறலில் குங்குமம் கரைந்து, நம்பர் பிளேட் மேல் வழிந்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்புச் சிவப்பாக.

ஸ்கூல் பஸ்ஸின் முன்பக்கத்தில் சிவப்பாக ஏதாவது வழிந்தால், அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஃப்ராங்க் கையிலிருந்த காபி கீழே விழுந்தது. "யாரை இடிச்சே?" என்று கேட்டார்.

நான் இன்னும் வண்டியையே எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். படித்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ.

"ஐயோ, இல்லீங்க! குங்குமமுங்க!"

அவர் குனிந்து வண்டிக்கு அடியில் வெளிச்சம் அடித்தார். யார் மேலாவது ஏறியிருக்கிறதா என்று தேடுகிறார், பாவம். அகப்பட்டது எலுமிச்சம்பழம். ஒரு சக்கரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பயிற்சியில் எங்களுக்கு முதல் பாடமே, வண்டியை எடுப்பதற்கு முன் அடியில் ஒரு துரும்புகூட இல்லை என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும் என்பதுதான். பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டியவளே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்த டெனிஸ் என் ரூட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. நியூவார்க்கில் பிறந்த கறுப்பினப் பெண். வெல்ஃபேரிலிருந்து இந்த வேலைக்கு வந்தவள் அவளும். மெக்கானிக் பம்பரைக் கழுவினான், முன்னாலிருந்த பழங்களைப் பொறுக்கினான். அவசரத்தில் பின்னால் இருந்ததை மறந்துவிட்டான்.

ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பஸ் நான் இல்லாமல் கிளம்பியது. பின்சக்கரம் உருண்டதும் பழம் நசுங்குகிற சத்தம் பட்பட்டென்று உள்ளே வரை கேட்டது. அட பரவாயில்லை, அந்தத் தடிமன் தோலும் நசுங்கிவிட்டதே என்று ஒரு நினைப்பு. அடுத்த நொடியே மகள் ஞாபகம் வந்தது. ஸ்டாப்பில் மாரிசோலோடு நித்யா நிற்பாள். பஸ் வரும், உள்ளே அம்மா இருக்க மாட்டாள்.

சாவிக்கொத்தில் ஒரு சாமி

வெல்ஃபேர் ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு ஃப்ராங்க் வந்து எதிரே உட்கார்ந்தார். என் பஸ் சாவியையும் தன் சாவிக்கொத்தையும் மேஜையில் போட்டார். போனை எடுத்தார். எனக்கு வேலை கொடுத்தால் என் கேஸ் பார்க்கிற அம்மாவுக்கு நல்லது கெட்டது எல்லாம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அம்மாவின் நம்பரைத்தான் அழுத்துகிறார். அந்த போன் போய்ச் சேர்ந்தால், தப்புச் செய்து துரத்தப்பட்டவள் என்று ஆகிவிடும். வேலையும் இல்லை, கூப்பனும் இல்லை. மைதிலி அக்கா வீட்டுச் சமையலறைதான் கதி.

அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அப்போதுதான் அந்தச் சாவிக்கொத்தைப் பார்த்தேன்.

அதில் ஒரு சின்ன வெள்ளி வில்லை தொங்கியது. தேய்ந்துபோன உருவம். ஒரு தாடிக்காரர் கையில் கோலோடு ஆற்றைக் கடக்கிறார், தோளில் ஒரு குழந்தை. வழிப்போக்கர்களைக் காப்பாற்றுகிற கிறிஸ்தவச் சாமியார் என்று பயிற்சியின்போது டெனிஸ் சொல்லியிருக்கிறாள். அங்கே பாதி டிரைவர்களிடம் அது உண்டு.

எழுந்தேன். அந்த வில்லை மேல் விரலை வைத்தேன்.

"மிஸ்டர் ஃப்ராங்க். யூ ஹேவ் சாமி ஆன் கீ. ஐ ஹேவ் லெமன்."

அவர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

வந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் அப்பா டிரக் டிரைவர். எங்கள் ஊரில் புது வண்டிக்குப் பழம் வைக்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள். இது சும்மா வண்டி இல்லை. இதில் ஏறுகிறது எல்லாம் பிள்ளைகள், அதில் ஒன்று என்னுடையது. அவர்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வைத்தேன். அந்தச் சிவப்பு ரத்தம் இல்லை, இதோ பாருங்கள் என்று என் நெற்றிப் பொட்டைக் காட்டினேன்.

போனில் யாரோ ஹலோ ஹலோ என்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மேஜை மேலிருந்த ரேடியோ கரகரத்தது. டெனிஸ்.

"ஃப்ராங்க், எல்லாப் பிள்ளைகளையும் இறக்கியாச்சு. வண்டி சும்மா பூ மாதிரி போகுது. பின்னாடியிருந்து லெமனேட் வாசம் வேற. அந்தப் பொம்பளைகிட்ட வண்டியைக் குடுத்துடு."

ஃப்ராங்க் போனை மெதுவாகக் கீழே வைத்தார். அப்புறம் அந்த வில்லையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். "எங்கம்மா குடுத்தது. லைசன்ஸ் வாங்கின அன்னைக்கு" என்றார்.

"என்னோடது அப்பா குடுத்தது" என்றேன்.

சிரித்தார் என்று சொல்ல மாட்டேன், ஃப்ராங்க் சிரித்து யாரும் பார்த்ததில்லை. என் சாவியை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். மத்தியான ட்ரிப் நீ எடு என்றார். வண்டி மேல் எதுவும் கூடாது, வண்டிக்கு அடியில் எதுவும் கூடாது, சிவப்பு என்கிற நிறமே கூடாது என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வாசல் வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பினேன்.

"மை பாக்கெட்? ஒன் லெமன்?"

"உன் பாக்கெட் உன் விஷயம்" என்றார்.

நிற்கிற ரோடு

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் என் பஸ் வரிசையில் நின்றது. டிரைவர் சீட்டில் நான். பெடல் எட்டுவதற்காக சீட்டைக் கடைசி வரை முன்னால் தள்ளியிருந்தேன். கோட்டுப் பாக்கெட்டில் ஒரு பழம்.

பிள்ளைகள் திபுதிபுவென்று ஏறினார்கள். ஈரக் கோட்டும், ஆரஞ்சுத் தோலும், க்ரேயானும் கலந்த ஒரு வாசனை. நித்யா படியில் கால் வைத்தாள், நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் ஒரு நொடி விரிந்தது. நான் கையாட்டவில்லை, பேர் சொல்லவில்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். அவள் என்னைத் தாண்டி நேராகக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஓட்டினேன். வேறெதையும் நினைக்கவில்லை. கண்ணாடி, ரோடு, கண்ணாடி, பிள்ளைகள். ரயில் தண்டவாளம் வந்தபோது சட்டப்படி நிறுத்திக் கதவைத் திறந்தேன். ரயில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். "கொய்ட்!" என்றேன். அத்தனை வாயும் மூடிக்கொண்டது. என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு அமைதி நான் அதுவரை பார்த்ததே இல்லை.

எங்கள் அபார்ட்மெண்ட் ஸ்டாப் வந்தது. அங்கே இறங்குகிற பிள்ளைகள் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போக வேண்டும். எதிர்ச் சாரியில் மாரிசோல் குடையோடு காத்திருந்தாள்.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஸ்கூல் பஸ் நின்று சிவப்பு விளக்குப் போட்டு, பக்கவாட்டில் ஸ்டாப் போர்டை நீட்டிவிட்டால், முன்னாலும் பின்னாலும் வருகிற எல்லா வண்டியும் நிற்க வேண்டும். ஜட்ஜாக இருந்தாலும் சரி, கோடீஸ்வரனாக இருந்தாலும் சரி. பஸ் டிரைவர் போர்டை மடக்கும்வரை ஒரு வண்டியும் அசையக் கூடாது.

பட்டனை அழுத்தினேன். போர்டு விரிந்தது. பின்னால் வண்டிகள் நின்றன. எதிரே வந்த ஒரு லாரி நின்றது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கார் மட்டும் சந்தில் நுழைகிற மாதிரி மெதுவாக முன்னால் ஊர்ந்தது.

நித்யா படியிறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் வந்து, கடக்கலாமா என்று என்னை அண்ணாந்து பார்த்தாள். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த பழக்கம். டிரைவர் சைகை காட்டாமல் கடக்கக் கூடாது.

நான் கையை நீட்டி அவளை நிற்கவைத்தேன். மறு கையால் ஹாரனை அழுத்தினேன். சும்மா ஒரு பீப் இல்லை. நாமக்கல் லாரிக்காரன் மகள் அழுத்துகிற ஹாரன். தெருவே திடுக்கிட்டது.

வெள்ளைக் கார் பிரேக் போட்டு நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் மைதிலி அக்காவின் முகம். அவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். பின்னால் போங்கள் என்று உள்ளங்கையால் காட்டினேன். போனார். லாரிக்குப் பின்னால் போய் ஒழுங்காக நின்றார்.

அதற்குப் பிறகுதான் நித்யாவுக்குத் தலையசைத்தேன். கடந்தாள். பாதி ரோட்டில் ஒரு தடவை அந்த வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய் மாரிசோல் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான், இனி போர்டை மடக்கலாம் என்று பட்டனில் விரலை வைத்தேன்.

"அம்மா!"

பஸ்ஸுக்குள் அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. நித்யா ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். இங்கிலீஷில் இல்லை.

"அம்மா! நாளைக்கும் நீதானே?"

காலையில் வேறு முகத்தைப் பார்த்துவிட்டு நாள் முழுக்க அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என் பிள்ளை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. டிரைவர் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். தூறல் முகத்தில் அடித்தது. நின்றுகொண்டிருந்த அத்தனை வண்டிக்கும், கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மைதிலி அக்காவுக்கும், கடல் தாண்டி நாமக்கல்லுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஆமா கண்ணு! நாளைக்கும் நாந்தான்!"

அவள் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகு நிதானமாக ஸ்டாப் போர்டை மடக்கினேன். அதற்கப்புறம்தான் ரோடு நகர்ந்தது.